கணிப்பொறிப் பயிற்சியில் ஆண், பெண் வேறுபாடு

கணிப்பொறி ஆண்களுக்கே இயல்பாக வரும் என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1945இல் அமெரிக்காவில் எனியாக் கணிப்பொறிக்கு நிரல் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவரும் பெண்களே. துளை அட்டை இயந்திரங்களில் பயிற்சி பெற்ற அவர்கள், கையேடு ஏதுமின்றி, வரைபடங்களைப் பார்த்தே அப்பெரிய பொறியைக் கற்றனர்.

ஆயினும் அந்நாட்டில் கணிப்பொறி இயலில் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1984இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்து, பின்னர் பாதியளவுக்குத் தாழ்ந்தது. பெண்களின் அறிவா குறைந்தது? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகிய இருவரும் மாணவ மாணவியரையே கேட்டு ஆராய்ந்தனர். வீட்டுக்கு வந்த கணிப்பொறி பெரும்பாலும் மகனின் அறைக்கே சென்றிருந்தது! பழகியவர்கள் வகுப்பில் முந்திக்கொள்ள, பழகாதவர்கள் தமக்கு இது வராதென ஒதுங்கினர். சேர்க்கையில் முன்பழக்கத்துக்குத் தந்த முதன்மையை அப்பல்கலைக்கழகம் கைவிட்டது. தொடக்க வகுப்புகளையும் பழக்கத்திற்கேற்பப் பிரித்தது. 1995இல் சேர்ந்தோரில் 7 விழுக்காடாயிருந்த மாணவியர் 2000இல் 42 விழுக்காடாயினர்.

நம் நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் ஓராண்டுக் 'கோபா' பிரிவில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், முன்பழக்கம் கேட்பதில்லை. ஆனால் சேர்ந்த பின்? இருவருக்கு ஒரு கணிப்பொறி என்றால், விசைப்பலகை யார் கையில் இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். வீட்டில் பழகியவரிடம் விசைப்பலகையும், மற்றவரிடம் குறிப்பேடும் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. செய்முறை வகுப்பின் பாதி நேரத்தில் இருவரும் இடம் மாறவேண்டும் என ஆசிரியர் விதிக்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.