உலாவிக்குள்ளே - 4: இரண்டும் மூன்றும் இருபத்து மூன்று

சென்ற வாரம் கன்சோலைத் திறந்து 'வணக்கம்' சொல்ல வைத்தோம். இந்த வாரமும் அதே இடம்தான். கணினியில் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ திறந்து எஃப்12-ஐ அழுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டின் கட்டளைச் சொற்களை இங்கே தமிழில் அச்சிடுகிறோம். நீங்கள் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.

லெட் விலை = 120;

அவ்வளவுதான், விலை என்ற மாறி தயார். பெயரைத் தமிழில் வைத்தால் ஏற்குமா என்ற சந்தேகம் வேண்டாம். புள்ளி வைத்த எழுத்து வந்தாலும் ஏற்கும். பெயருக்கு நடுவே இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கக் கூடாது. பிறகு மாற்றப் போகிறீர்கள் என்றால் லெட், மாற்றவே போவதில்லை என்றால் கான்ஸ்ட். இரண்டும் 2015-இல் வந்தவை. அதற்கு முந்தைய வார் பழைய நிரல்களில் இன்னும் தென்படும். படிக்கத் தெரிந்தால் போதும், புதிதாக எழுத வேண்டாம்.

மாறியை டப்பா என்று சொல்லிக் கொடுப்பது வகுப்பறை வழக்கம். சர்க்கரை டப்பா, உப்பு டப்பா என்று தனித்தனியாக நினைத்துக்கொண்டால் ஜாவாஸ்கிரிப்ட் காலை வாரிவிடும். இங்கே டப்பாவுக்கு வகை கிடையாது. உள்ளே இருக்கும் சரக்குக்குத்தான் வகை. அடுத்த வரியிலேயே விலை = "இலவசம்" என்று கொடுங்கள், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஜாவா படித்துவிட்டு வருபவர்களுக்கு இது அநியாயமாகப் படும். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்து நாளில் எழுதி முடித்தார். நிரலெழுதுவதையே தொழிலாகக் கொள்ளாதவர்களும் பக்கங்களில் பயன்படுத்த வேண்டிய மொழி அது. தப்பு கண்டதும் நிற்பதைவிட எதையாவது செய்து ஓடிக்கொண்டே இருப்பது அதன் சுபாவமாகிவிட்டது.

அன்றாடம் கையாளும் வகைகள் மூன்று. 120 என்பது எண். மேற்கோளுக்குள் வைத்த "120" சரம், அதாவது ஸ்ட்ரிங். ஆம், இல்லை என்ற இரண்டே நிலை உள்ளது பூலியன். மதிப்பே தராத மாறியில் அன்டிஃபைன்ட் இருக்கும்; வேண்டுமென்றே காலியாக விட நல் இருக்கிறது.

வினை எல்லாம் முதல் இரண்டில்தான். ஒரு கடையின் ஆர்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். எத்தனை வேண்டும் என்ற கட்டத்தில் வாடிக்கையாளர் 2 என்று நிரப்புகிறார். டெலிவரிக் கட்டணக் கட்டத்தில் 30 இருக்கிறது. கட்டத்தின் மதிப்பை நேராகப் படித்தால் கைக்கு வருவது எப்போதும் சரம். எண் மட்டும் ஏற்கும் கட்டமாக இருந்தாலும் அப்படித்தான். 120 * "2" என்று பெருக்கினால் 240, சரியாக வரும். பெருக்கல் குறிக்கு வேறு வேலை கிடையாது, ஆகவே சரத்தைத் தானே எண்ணாக்கிக்கொள்கிறது. கூட்டல் குறிக்கோ இரண்டு வேலை: எண்களைக் கூட்டுவது, சரங்களை ஒட்டுவது. ஒரு பக்கம் சரம் வந்துவிட்டால் ஒட்டத்தான் செய்யும். 240 + "30" என்றால் 24030. இருநூற்றெழுபது ரூபாய் பில் இருபத்து நாலாயிரம் ஆகிவிட்டது, கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை! பாதிக் கணக்கு சரியாக வருவதால்தான் இதைப் பிடிப்பது கஷ்டம்.

பரிகாரம் எளிது. கட்டத்திலிருந்து எடுத்த உடனே நம்பர்("30") என்று எண்ணாக்கிவிடுங்கள். காலிக் கட்டத்தை அது 0 ஆக்கிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். "2 கிலோ" என்று யாராவது நிரப்பியிருந்தால் 'எண் அல்ல' என்பதற்கான குறியீடு வரும். அதன் வகை என்ன என்று டைப்ஆஃப் போட்டுக் கேட்டால் 'எண்' என்று பதில் சொல்லும். சிரித்துவிட்டு மேலே போவோம்.

இலக்கங்களில் இருப்பதெல்லாம் எண் அல்ல. சென்னையின் எஸ்டிடி குறியீடு 044; எண்ணாக்கினால் முன்னிருக்கும் சுழியம் போய் 44 ஆகிவிடும். போன் நம்பரை யாரும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை, சரமாகவே இருக்கட்டும். வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியே. நீளமான எண்களில் இன்னொரு ஆபத்து உண்டு: 9007199254740991-க்கு மேல் முழு எண்களை ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் வைத்திருக்கும் என்று நம்ப முடியாது. 9999999999999999 என்று தட்டிப் பாருங்கள், 10000000000000000 என்று திரும்பும். ட்விட்டர் தன் பதிவு எண்களைச் சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான்.

தசமத்திலும் தகராறு உண்டு. 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும். பத்தில் ஒன்றை இரண்டடிமான முறையில் முடிவாக எழுத முடியாது என்பதே காரணம். பைத்தானிலும் இதே விடைதான். ஆகவே பணக் கணக்கைப் பைசாவில் வைத்துக்கொள்வது நல்லது. இணையத்தில் பணம் வசூலிக்க உதவும் ரேசர்பேயின் ஏபிஐயும் ₹299-ஐ 29900 என்றே கேட்கிறது.

தமிழில் பெயர் வாங்கும் பக்கம் செய்பவர்களுக்கு ஒன்று: "தமிழ்" என்ற சரத்தின் லெங்த் 3 அல்ல, 5. ழகரத்தின் புள்ளியும் மகரத்தின் இகரக் கொக்கியும் தனித்தனியே கணக்கில் சேரும். பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்று கட்டத்துக்கு வரம்பு வைத்தால் மீனாட்சிசுந்தரம் பாதியில் நின்றுவிடுவார்.

வீட்டுப்பாடமாக டைப்ஆஃப் நல் போட்டுப் பாருங்கள். 'ஆப்ஜெக்ட்' என்று வரும். இது 1995-லிருந்து இருக்கும் பிழை. திருத்தும் யோசனை ஒருமுறை வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் உடையும் என்று கைவிட்டார்கள். ஆகவே நல்லைச் சோதிக்க டைப்ஆஃப் வேண்டாம், மூன்று சமக்குறி போட்டு நேராக ஒப்பிடுங்கள். அது ஏன் மூன்று என்பது அடுத்த வாரம்.