ஆமை தந்த உணவும் ஓடும்

என் பாட்டியாரிடம் தேன்நிறச் சீப்பு ஒன்று இருந்தது. விளக்கெதிரே பிடித்தால் கருஞ்சிவப்புத் திட்டுகளினூடே ஒளி புகும். அது ஆமையோடு என்றபோது நான் நம்பவில்லை. மாமா அதன் முறிந்த பல்லொன்றைத் தீயில் காட்டினார். மயிர் கருகும் நாற்றம் எழுந்தது. நகமும் கொம்பும் எப்பொருளால் ஆயினவோ, அப்பொருளே அதுவும்.

நேயர்களே, ஆமை தமிழர்க்குப் புதிய உணவன்று. வயலாமையை அவித்து உண்டோரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. மன்னார் வளைகுடாவிலோ கடலாமைக்கே மதிப்பு மிகுதி. அங்கே இறைச்சிக்குப் பெயர் பெற்றது பேராமை. கடற்புல்லை மேய்ந்து வளரும் அதன் கொழுப்புப் பச்சை நிறமுடையது. இலண்டன் விருந்துகளில் புகழ்பெற்ற சூப்பும் இவ்வினத்தின் இறைச்சியே. அவர்களுக்கு அது மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சென்றது. மல்லாத்திப் போட்டால் ஆமை திரும்ப இயலாது. உணவின்றியும் பல நாள் உயிர் தரித்திருக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் வணிகர்க்கு இது பெருவசதி; ஆமைக்கோ பெருங்கேடு. யாழ்ப்பாணச் சந்தையில் உயிருள்ள ஆமையையே துண்டு துண்டாக அரிந்து விற்றதை, இலங்கை அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். தூத்துக்குடியில் ஆமைக் குருதியை மருந்தென்று பருகியவரும் உண்டு.

ஓட்டுக்கு உரியது அழுங்காமை. இதன் இறைச்சியைக் கடலோரத்தார் அஞ்சுவர். சிற்சில வேளை அதில் நஞ்சு இருக்கும், சமைத்தாலும் நீங்காது. இலங்கைப் பாணந்துறையில் 1840-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆமையிறைச்சி உண்ட 28 பேர் நோயுற்றனர். அன்றிரவே 18 பேர் மாண்டனர். அந்த ஆமை எவ்வினமென்று டென்னன்ட் குறிப்பிடவில்லை.

அழுங்காமையின் முதுகில் 13 பெருந்தகடுகள் கூரையோடு போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சூடு பட்டால் அவை கழலும். வெந்நீரில் இளக்கி இரண்டு துண்டுகளைச் சேர்த்து அழுத்தினால், பசையின்றியே ஒன்றாகிவிடும். சீப்பும் பேழையும் செய்வோர்க்கு இதனினும் இசைவான பொருள் ஏது? ஆனால் சில இடங்களில் உயிரோடு நெருப்பில் காட்டித் தகடுகளை உரித்தபின், மீண்டும் வளருமென்று ஆமையைக் கடலில் விட்டனர். பாட்டியாரின் சீப்பு எவ்வாறு வந்ததோ!

ஆமை ஒரு குழியில் நூறுக்கு மேற்பட்ட முட்டையிடும். முட்டையிடும் பருவம் எய்த அழுங்காமைக்கு 20 ஆண்டுகள் வரையும், அதற்கு மேலும் ஆகும். ஆதலால் குழியைத் தோண்டி முட்டைகளை எடுத்தவர், மறு ஆண்டும் ஆமை கரையேறக் கண்டு, குறைவில்லையென்றே எண்ணினர். 1977-இல் இந்தியக் கடலாமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, அழுங்காமை அரிதாகிவிட்டிருந்தது.