வீட்டுப் பட்டறைக்கு லேத் வரும்போது

நீரிறைக்கும் இயந்திரத்தின் தண்டு தேய்ந்தாலோ, லாண்ட்மாஸ்டரின் புஷ் உடைந்தாலோ எமது கமக்காரர் பட்டணத்துக்கே ஓடவேண்டியுள்ளது. பஸ் செலவும் ஒரு நாட் கூலியும் போக, பயிர் தண்ணீரின்றி வாடும் நாட்களும் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பழையதைக் கடைந்து பொருத்தித் தரும் தொழிலாளியின் அருமையைக் கிராமங்கள் நன்கு உணர்ந்தன. தொழில் பழகிய இளைஞர் சிலர் பாவித்த லேத் ஒன்றை வாங்கி, வீட்டு வளவிலேயே பட்டறை அமைக்க விரும்புகின்றனர். இது வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் நகையை அடைவு வைத்து வாங்கிய இயந்திரம் ஒழுங்காக நிறுத்தப்படாவிட்டால் ஒழுங்கான வேலை தராது. வேலை பிழைத்தால் வந்தவர் மறுமுறை வரமாட்டார். வட்டி மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். எனவே, கவனிக்க வேண்டிய சிலவற்றை இங்கு தருகின்றோம்.

நிலம்

ஐந்தாறு அடி நீளமான லேத் ஒரு தொன் வரை நிறையுடையதாக இருக்கலாம். மண் தரையோ மெல்லிய சீமெந்துப் பூச்சோ அதைத் தாங்காது. மேல் மண்ணை அகற்றி, கல்லும் கிறவலும் இட்டு இறுக்கி, ஆறு அங்குலத் தடிப்பில் கம்பியிட்ட கொங்கிறீற் போடவேண்டும். 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் கொண்ட அத்தகைய தளமே ஏறத்தாழ 700 கிலோ நிறையுடையது. அந்த நிறைதான் இயந்திரத்தின் அதிர்வை அடக்குகின்றது. ஏழு நாட்களாவது ஈரச் சாக்கினால் மூடி வைக்கவேண்டும். கொங்கிறீற் தன் வலிமையைப் பெற 28 நாட்கள் செல்லும். மாரியில் வெள்ளம் எந்த மட்டம் வரை வந்தது என்பதை அயலவரிடம் விசாரித்து, தளத்தை அதற்கு மேலாக உயர்த்துங்கள்.

இறக்குதல்

விபத்துக்கள் அதிகம் நிகழக்கூடிய கட்டம் இதுவே. லேத்தின் தலைப்பக்கம் பாரமானது, மேற்பகுதியும் பாரமானது. ஆகவே எளிதிற் சரியும். நகரும் பாகங்களை வால்முனைக்குத் தள்ளிப் பூட்டினால் பாரம் ஓரளவு சமப்படும். நீண்ட திருகு தண்டில் ஒருபோதும் கயிறு கட்டலாகாது. அது வளைந்தால் இயந்திரத்தின் உயிரே போய்விடும். தரையில் நகர்த்த இரும்புக் குழாய்களை உருளையாக இட்டு, அலவாங்கினாற் சிறிது சிறிதாக நெம்புங்கள். நெம்பும் ஒவ்வொரு முறையும் மரக்கட்டையை அடியில் வையுங்கள், கையை வைக்காதீர்கள். கட்டளையிடுபவர் ஒருவராகவே இருக்கட்டும்.

மட்டம்

மேசன் பாவிக்கும் மட்டம் ஆரம்ப வேலைக்கு மட்டுமே போதும். படுக்கை சிறிது முறுகி நின்றாலும் கடையும் தண்டு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். இதைப் பரிசோதிக்க எளிய வழியுண்டு. தடித்த கம்பியொன்றைச் சக்கில் இறுக்கி, எட்டு அங்குலம் வெளியே நீட்டி, வால்முனைத் தாங்கல் இல்லாமல் இரு இடங்களில் மெல்லியதாகக் கடைந்து மைக்ரோமீற்றரால் அளவுங்கள். வெளிமுனை தடித்திருந்தால், வால்முனையில் நாம் நிற்கும் பக்கக் காலுக்கு மெல்லிய தகடு கூட்டவேண்டும்; மெலிந்திருந்தால் குறைக்கவேண்டும். இரு அளவும் ஒன்றாகும் வரை இதைத் தொடருங்கள். புதிய தளம் சிறிது இறங்கக்கூடும் என்பதால் மூன்று மாதத்தின் பின் மறுபடியும் பாருங்கள்.

மின்சாரம்

பழைய லேத்துக்களிற் பெரும்பாலானவை 400 வோல்ற் திரீ பேஸ் மோட்டர் உடையவை. வீடுகளுக்கு வழமையாக வருவது 230 வோல்ற் சிங்கிள் பேஸ். மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் திரீ பேஸ் இணைப்புக் கேட்கலாம்; மோட்டரை மாற்றலாம்; அல்லது மோட்டர்த் தகட்டில் 230/400 எனப் பொறிக்கப்பட்டிருந்தால், தகுந்த இன்வேட்டர் மூலம் வீட்டு மின்சாரத்திலேயே இயக்கலாம். எதுவாயினும் எர்த் கம்பியும் ட்ரிப் சுவிச்சும் அவசியம். மின் தடைப்பட்டு மீண்டும் வரும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்காத ஸ்ராட்டரையே பொருத்துங்கள். வேலைகளை அனுமதிபெற்ற மின்னிணைப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

வீடும் பட்டறையும்

பட்டறை வீட்டோடு இருப்பதாற் பிள்ளைகள் வந்துபோவார்கள். பிரதான சுவிச்சுக்குப் பூட்டுப் போடுங்கள். சக்கின் திறப்பைச் சக்கிலேயே விட்டுவிட்டு அகலாதீர்கள். சாறம், நீண்ட கை, கையுறை ஆகியவற்றுடன் சுழலும் இயந்திரத்தை அணுகலாகாது. கடலோரக் கிராமங்களில் உப்புக்காற்று ஓரிரவிலேயே துருவைக் கொண்டுவரும். வேலை முடிந்ததும் படுக்கையைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

லேத்தின் விலை, செலவின் ஒரு பகுதி மட்டுமே. லொறிக் கூலி, தளம், வயரிங், வருமானமின்றிக் காத்திருக்கும் முதல் மாதம் ஆகிய யாவற்றையும் வீட்டாருடன் இருந்து கணக்குப் பார்த்தபின், அடைவுக் கடைக்குப் போவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.