வரையாட்டைத் தேடி ஏறியவர்கள்

உதகைக்கு மேற்கே புல்வெளி மலைகள் அலையலையாகப் போய் முக்கூர்த்தி அருகே சட்டென்று அறுந்து விழுகின்றன. 2,554 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் மறுபக்கம் கேரளத்தை நோக்கி இறங்கும் செங்குத்துப் பாறை. ‘வரை’ என்றால் மலை; அந்தப் பாறை விளிம்பில் வாழ்வதால் வரையாடு. சங்க நூல்கள் இதை வருடை என்றன. வெள்ளைக்காரர்கள் ‘ஐபெக்ஸ்’ என்று தவறாகப் பெயரிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரும்பி வேட்டையாடினார்கள்.

1870 முதல் சென்னை மாகாண அரசு கோடையில் உதகையிலிருந்து இயங்கியது. 1873-ல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. அதற்கு மேல் மட்டக்குதிரையோ மாட்டு வண்டியோதான். உதகையிலிருந்து மேற்கு விளிம்புக்குக் கூடாரம், அரிசி, கம்பளி எல்லாம் ஆள்தலையில் போயின. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்து புல் வெளுத்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்திலோ மழையும் மூடுபனியும் விளிம்பை வாரக்கணக்கில் மறைத்துவிடும்.

சென்னையின் கிண்டிக் காடு போன்ற சமதரையில் பழகிய வேட்டைக்காரருக்கு இங்கே கால்தான் முதலில் தோற்கும். வரையாட்டுக்குக் கண் கூர்மை. மந்தை மேயும்போது ஒரு பெட்டையாவது பாறைமேல் நின்று காவல் பார்க்கும். சிறுத்தையும் செந்நாயும் பெரும்பாலும் கீழிருந்து வருவதால் அதன் பார்வை சரிவை நோக்கியே இருக்கும். எனவே மந்தையைத் தொலைநோக்கியில் கண்டதும் நேரே நெருங்குவது வீண். மலையைச் சுற்றி ஏறி, மந்தைக்கு மேலே போய், சோலைக்காட்டு மடிப்புகளில் ஒளிந்து இறங்க வேண்டும். காற்று திசைமாறினால் மணம் போய்ச் சேரும். அரை நாள் ஏற்றம் ஒரு நொடியில் பாழ். பனி வேட்டைக்காரரை மறைக்கும், ஆட்டையும் மறைக்கும். ஈரப் புல்லில் குப்புறப் படுத்து மணிக்கணக்கில் அது விலகக் காத்திருப்பதும் வேட்டைதான்.

அவர்கள் தேடியது முதிர்ந்த கடாவை. கரும்பழுப்பு உடம்பு, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிர்சாம்பல் திட்டு. எடை நூறு கிலோவைத் தொடும். குண்டு பட்டாலும் அது கைக்கு வருவது உறுதியில்லை. விளிம்பில் நின்ற கடா பாதாளத்தில் உருண்டு கொம்பு நொறுங்கிப் போவது வழக்கமான கதை. அந்த உடலைத் தேடி இறங்கியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தடம்பார்ப்பவர்களே. 1892-ல் வெளியான டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டை நூல் போன்றவை துப்பாக்கி பிடித்தவரின் நினைவைக் காத்தன. வழி தெரிந்தவர்களின் உழைப்புக்கும் அதே அளவு இடம் கிடைத்திருக்க வேண்டும்.

ஆடுகள் அருகிவருவதை முதலில் கண்டவர்களும் வேட்டைக்காரர்களே. 1877-ல் அவர்கள் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள். 1879-ல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. வேட்டைக்கு உரிமமும், சுடக் கூடாத மாதங்களும் வந்தன. அது கருணையால் பிறந்த சட்டமல்ல, அடுத்த ஆண்டும் சுட ஆடு வேண்டுமே என்ற கணக்கு. ஆனாலும் ஆடு பிழைத்திருக்க அது உதவியது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முற்றாக நிறுத்தியது.

துப்பாக்கி போன பின்பும் ஏற்றம் நிற்கவில்லை. 1975-ல் ஈ.ஆர்.சி. டேவிதார் வரையாடுகளை எண்ணி ஆராய்ந்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7 வரையாடு தினம். தமிழக அரசு 2022-ல் 25.14 கோடி ரூபாயில் வரையாடு திட்டத்தை அறிவித்தது. 2025 ஏப்ரலில் வனப் பணியாளர்கள் கேரளத்துடன் ஒரே நேரத்தில் மலைகளில் ஏறி எண்ணியபோது தமிழகத்தில் 1,303, கேரளத்தில் 1,365 ஆடுகள் கணக்கில் வந்தன. பனி விலகுவதற்காக அவர்களும் அதே விளிம்புகளில் காத்துக் கிடந்தார்கள், தொலைநோக்கியும் குறிப்பேடுமாக.