ஏரித் தரையும் மீன் குஞ்சுகளும்

மண்ணின் குணமறிந்து விதைப்பது உழவர் வழக்கம். மீன் குஞ்சும் அவ்வாறே தனக்கேற்ற அடித்தரையைத் தெரிந்துகொள்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கடலில் வாழும் நாக்கு மீன் இதற்குத் தக்க உதாரணம். முட்டையினின்று வெளிப்பட்ட குஞ்சுக்கு மற்ற மீன்களைப் போலவே பக்கத்திற்கு ஒரு கண் உண்டு, நிமிர்ந்தே நீந்தும். பின்னர் ஒரு கண் மறுபக்கத்திற்கு நகர, மீன் ஒருக்களித்துத் தரையில் படிந்துவிடும். அப்பொழுது அது நாடுவது, உடலை மூடத்தக்க பொடி மணலையும் வண்டலையுமே. பருமணலையும் பரலையும் கிளறக் குஞ்சுக்கு வலிமை போதாது. வளர வளரச் சற்றுப் பருத்த மணலிலும் புதைய வல்லதாகும். புதைந்த குஞ்சு பகை மீனின் கண்ணுக்குத் தப்பும். அம்மண்ணிலுள்ள புழுக்களும் சிற்றுயிர்களும் அதற்கு இரையாகும்.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் ஏரி போன்று மழையால் நிரம்பும் ஏரிகளில் நாக்கு மீன் இல்லை. ஆயினும் ஏரி மீன்களுக்கும் நியதி இதுவே. அயிரை மணற்பாங்கான தரையை விரும்பும். அச்சமுற்றால் மணலுள் நுழையும். ஆரால் பகலில் சேற்றிலோ மணலிலோ புதைந்திருந்து, இரவில் இரை தேடும். விரால், கரையோரத்து ஆழமற்ற நீரில் செடிகளை விலக்கி இடஞ்செய்து முட்டையிடும். செந்நிறப் பார்ப்புக் கூட்டத்தைத் தாய் தந்தை மீன்கள் காக்கும். காற்றையும் நேரே உட்கொள்ள வல்லதாகையால், நீர் வற்றுங்காலத்து ஈரச் சேற்றுக்குள் புகுந்து விரால் உயிர் பிழைக்கும்.

ஏரி வண்டல் வயலுக்கு நல்ல எரு. அதை எடுப்பதால் நீர்க்கொள்ளளவும் பெருகும். ஆனால் தரை முழுவதையும் கெட்டி நிலம் தோன்றும்வரை ஒரே கோடையில் சுரண்டிவிட்டால், குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமும் இரையும் குறையும். மீன்பாசிக் குத்தகையின் வருமானமும் குன்றும். ஆதலின் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

1. உரிய அனுமதி பெற்று, வண்டலை ஆண்டுக்கு ஒரு பகுதியாக எடுக்க வேண்டும். கரையடியைத் தோண்டலாகாது.

2. கோடையிலும் ஈரம் தங்கும் ஒரு மடுவைச் சேற்றுடன் விட்டுவைக்க வேண்டும்.

3. நீர்வரத்துப் பக்கத்தில் மணல் படிந்த இடத்தையும், ஓரத்துச் செடிகளில் ஒரு பங்கையும் அழியாமல் வைத்தல் வேண்டும்.

4. பார்ப்பைக் காத்து நிற்கும் விராலைப் பிடிக்கலாகாது. காவல் இழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகிவிடும்.

விதைநெல்லை உண்ணாமல் காப்பவர், ஏரியின் விதையையும் அவ்வாறே காத்தல் வேண்டும்.