நரம்பியலை நான் நாடியது ஏன்?

மருத்துவபீடத்தில் இறுதியாண்டு பயிலும் மாணவர் ஒருவர் சென்ற வாரம் என் இல்லத்துக்கு வந்திருந்தார். எத்துறையில் சிறப்புப் பயிற்சி பெறுவது என்பது அவருடைய கவலை. "நரம்பியலில் எனக்கு நாட்டமுண்டு, ஐயா. ஆனால், அது நோயைக் கண்டறியும் துறையேயன்றித் தீர்க்கும் துறையன்று என்கிறார்களே?" என்றார். பயிற்சி வைத்தியனாக இருந்த நாளில் நானும் என்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

அந்நாளில் எங்கள் விடுதிக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைக் கொண்டுவந்தனர். பாரிசவாதத்தால் வலக்கையும் வலக்காலும் சோர்ந்திருந்தன. ஆயுள் முழுவதும் இலக்கணம் கற்பித்த அவருக்குத் தம் பெயரைச் சொல்லவும் இயலவில்லை. நாம் கூறுவது அவருக்கு விளங்கிற்று, விடை வரவில்லை, கண்ணீரே வந்தது. மூன்றாம் நாள் மாலை அவருடைய மனைவியார் கட்டிலருகே அமர்ந்து தேவாரம் பாடினார். ஆசிரியரும் உடன் பாடினார்! சொல்லும் பிசகவில்லை, பண்ணும் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும், தண்ணீர் கேட்க முயன்று தோற்றார்.

தெய்வச் செயல் என்றனர் சூழ இருந்தோர். நான் நூலகத்துக்கு விரைந்தேன். 1861 ஆம் ஆண்டிலே, பாரிஸ் நகரை அடுத்த பிசெத்ர் வைத்தியசாலையில், 'தான்' என்னும் ஓரசையையன்றிப் பெரும்பாலும் வேறெதுவும் பேசமாட்டாத நோயாளி ஒருவரைப் புறோக்கா என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் கண்டார். நோயாளி இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அதன் இடப்பக்க முன்மடலில் சிதைவு இருந்ததைக் காட்டினார். பேச்சாற்றல் பெரும்பாலாருக்கு இடப்பக்க மூளையையே சார்ந்தது; இசையிலோ வலப்பக்கமும் பங்கு கொள்கிறது. ஆதலின், நெடுநாள் பழகிய பாடல், பேச்சு அடைபட்ட பின்னும் வெளிவரக்கூடும். ஆசிரியரின் தமிழ் அழியவில்லை. அதன் ஒரு வாயில் மூடியிருந்தது.

இதனை மனைவியாருக்கு விளக்கினேன். "அப்ப அவருக்குப் புத்தி பேதலிக்கேல்லையே, தம்பி?" என்றார். "இல்லை, அம்மா" என்றேன். மருந்தொன்றும் கொடாமலே ஒரு குடும்பத்தின் பேரச்சம் நீங்கக் கண்டேன். என் துறையை அன்றே தேர்ந்தேன்.

தீர்க்கும் துறையன்று என்பதும் இன்று முழுவுண்மையன்று. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் விவரித்த நடுக்க நோய்க்கு, 1960களில் லெவோடோபா என்னும் மருந்து வந்து, உறைந்திருந்தோரை நடக்கச் செய்தது. குருதிக்கட்டியால் விளைந்த பாரிசவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தை 1996 இல் அமெரிக்கா அங்கீகரித்தது. குருதிப்பெருக்கு இல்லையென்று சீ.ரி. படத்தால் உறுதிசெய்து, பொதுவாக 4½ மணித்தியாலத்துக்குள் அதனைக் கொடுத்தல் வேண்டும். எனினும், இயக்க நரம்பணு நோய் போன்றவை இன்றும் நம்மை வென்றே நிற்கின்றன.

இவற்றையெல்லாம் மாணவருக்குக் கூறினேன். "தம்பி, பொது மருத்துவத்தில் தேறி, அதன்மேலும் பல ஆண்டு பயிலவேண்டும். அது பெரிதன்று. குணப்படுத்த இயலாதவரின் கட்டிலருகே, அவசரமின்றி அமர்ந்திருக்க உம்மால் இயலுமா? அதனை எண்ணிப்பாரும்" என்றேன்.

அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின், "அந்த ஆசிரியர் பிறகு பேசினாரா, ஐயா?" என்று கேட்டார்.

"சில சொற்கள். மனைவியாரின் பெயர் அவற்றுள் ஒன்று" என்றேன்.

துறையைப் பற்றிக் கேட்க வந்தவர், நோயாளியைப் பற்றிக் கேட்டுச் சென்றார். அவர் நரம்பியலுக்கு ஏற்றவரே என்று என் மனம் சொல்லிற்று.