எந்த ஊசி போட்டாலும் ஒரே எரர்

பேர்ன்அவுட் எபிசோடுக்குப் பிறகு ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: ஸ்ட்ரெஸ் எண்டுறது உண்மையிலேயே உடம்பில நடக்கிற விசயமா, இல்லாட்டி வெறும் சாட்டா?

பதில் மொன்றியலில், பெண் எலிகளிடம் கிடைத்தது.

1922இல் டொராண்டோவில் இன்சுலினைச் சுத்திகரித்துக் கொடுத்த ஜேம்ஸ் கொலிப், பான்டிங், பெஸ்ட் பெயர்களுக்குப் பின்னால் மறைந்துபோனவர். பிறகு மக்கில் பல்கலைக்கழகம் போனார். அங்கே அவரிடம் வேலை செய்த ஹான்ஸ் செலியே புதுச் சூலக ஹோர்மோன் ஒன்றைத் தேடி, மாட்டுச் சூலகச் சாற்றைப் பெண் எலிகளுக்கு ஏற்றினார். அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண். ஆளுக்குச் சரியான சந்தோசம்.

ஆனால் சூல்வித்தகச் சாறும் அதையே செய்தது. சாறு சுத்தமாகச் சுத்தமாக விளைவு குறைந்தது. கடைசியில் வெறும் போமலினை ஏற்றினார். அதே மூன்றும்!

கோட் எழுதுற ஆக்களுக்கு விளங்கும். எந்த இன்புட்டுக்கும் ஒரே அவுட்புட் வந்தால், சிஸ்டத்தைத்தான் திறந்து பார்க்கவேணும். செலியே அப்படித்தான் பார்த்தார். குளிர், காயம், அளவுக்கு மிஞ்சின ஓட்டம் எல்லாத்துக்கும் இதே பதில் எண்டு 1936 ஜூலை 4 ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஒரு பக்கம்கூட இல்லாத கட்டுரை.

உள்ளே நடப்பது இதுதான்: மூளை பிட்யூட்டரியைத் தட்டும், அது ஏசிடிஎச் அனுப்பும், அட்ரினல் ஹோர்மோன் சுரக்கும், அந்த ஹோர்மோனே திரும்பிப் போய் பிட்யூட்டரியை அடக்கும். பிட்யூட்டரியை வெட்டி எடுத்தால் அட்ரினல் வீங்காது.

அஜக்ஸில் என்ர பேஸ்மென்ட் ஒபிசில, கான்ட்ராக்ட் முடியிற மாதங்களில் எனக்கு நித்திரை இல்லை. "கதிரையில இருக்கிறதுக்கு என்ன ஸ்ட்ரெஸ் பிள்ளை?" எண்டு அம்மா கேப்பா. பங்கருக்குள்ள இருந்து வந்தவ, கேக்கலாம். அளவு வேறதான், ஆனால் சுரப்பி அதே சுரப்பி.

எல்லாத்துக்கும் அச்சொட்டாக ஒரே பதில் எண்ட செலியேயின் வாதம் பிறகு திருத்தப்பட்டது. அவருக்குப் புகையிலைக் கம்பனிக் காசு போனதும் அந்தக் கம்பனிகளின்ர ஆவணங்களிலேயே வெளிவந்தது.

எனக்குக் கோபம் வாறது வேற இடத்தில. பெண் எலியின் அட்ரினல் ஆணுடையதைவிடப் பெரிசு, ஈஸ்ட்ரஜன் அதன் பதிலை இன்னும் கூட்டும். அப்படியிருந்தும், நாலைந்து நாள் சுழற்சி கணக்கைக் குழப்பும் எண்டு சொல்லி, எத்தனையோ ஆய்வுகூடங்கள் பல பத்தாண்டுகளாக ஆண் எலிகளை மட்டும் வைத்தே ஸ்ட்ரெஸ்ஸை அளந்தன.